ஒட்டாத ஆறு

கப்பலுக்கு முன்னால் காவிரி வந்துகொண்டிருந்தது.

மூன்று கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், பன்னிரண்டடி ஆழம். காவிரி என்று மிஞ்சியது அவ்வளவுதான். அதற்கு முன்னும் மணல், பின்னும் மணல். முன்மதகு, பின்மதகு என்ற இரண்டு இரும்புச் சுவர்கள் சங்கிலிச் சக்கரங்களில் ஊர்ந்து, அந்த நீரைக் கல்லணையின் கீழிருந்து பூம்புகார் வரைக்கும் நடத்திப் போயின. நடுவில் ‘பொன்னித்தேர்’ என்ற நான்கு மாடிக் கப்பல் மிதந்தது. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஒவ்வோர் ஊருக்கும் ஆறு வந்தது, இரண்டு மணி நேரம் நின்றது, போய்விட்டது.

வெறும் நீராக இருந்தால் மணல் அதை ஒரே பகலில் குடித்திருக்கும். இது ஒட்டாநீர். மரவள்ளி மாவிலிருந்து எடுத்த கட்டுப்பொருள் ஒன்று நீரின் அணுக்கூட்டங்களைக் கைகோர்த்து நிற்க வைத்திருந்தது. கைகோர்த்த நீர் மணலில் இறங்காது. துணியை நனைக்காது, வேரில் ஏறாது, தாகத்தைத் தீர்க்காது. தாமரை இலைமேல் தண்ணீர் உருளும் என்பார்கள். இங்கே ஊரெல்லாம் தாமரை இலையாகிவிட்டது.

அந்த நீருக்குக் காவல் செண்பகவல்லி. பின்தளத்தில் ஒரு திறப்புப்பிடியின் அருகே அவள் நிற்பாள். எங்கேனும் ஓரிடத்தில் நீர் கோர்த்த கையை விட்டால், அடுத்தடுத்த நீரும் கைவிட்டுக்கொண்டே போகும். ஏழு நிமிடத்துக்குள் பிடியைத் திருகிப் புதுக் கட்டுப்பொருளை இறக்கினால் ஆறு பிழைக்கும். நீரில் விழக்கூடாதவற்றின் பட்டியல் பிடியின் மேலேயே ஒட்டியிருந்தது. முதல் வரி: முளைவிட்ட தானியம். முளைக்கும் விதை தன் மாவைத் தானே கரைத்து உண்ணும் சாற்றைச் சுரக்கிறது. அந்தச் சாறு மாவிலிருந்து வந்த கட்டையும் கரைத்துவிடும்.

அன்று ஆடிப் பதினெட்டு. கப்பல் அரசம்படுகையை நெருங்கியது. அது செண்பகவல்லி பிறந்த ஊர்.

படித்துறையில் வலைவேலி. வேலிக்கு அப்பால் ஊரே திரண்டிருந்தது. முதல் மண்கட்டி இரண்டாம் மாடிக் கண்ணாடியில் பட்டு உடைந்தது.

“தண்ணிக்காரி வந்துட்டாடா!” என்று ஒரு குரல் கத்தியது. செண்பகவல்லிக்கு அந்தக் குரல் தெரியும். அவளுடைய அண்ணன் கலியபெருமாள். “ஏழு வருசமா ஊரு வழியா ஆத்த ஓட்டிக்கிட்டுப் போறா. ஒரு சொட்டு எறங்குச்சா? கேளுங்க அவள!”

அவள் கண் கிணற்றடிக்குப் போனது. ஊர்க்கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிவது கப்பலிலிருந்தே தெரிந்தது. அது அளவுக்கண். கிணற்று நீரை அளந்து அலுவலகத்துக்குத் தானே சொல்லிவிடும் கருவி. ‘ஆறடி நீரில்லாத இடத்தில் மனிதர் தங்கலாகாது’ என்பது சட்டம். ஆடிப் பதினெட்டு மாலை ஆறு மணிக்குக் கணக்கெடுப்பு. அதுவரை விளக்கு பச்சையாக மாறாவிட்டால், பத்து நாளில் ஊர் காலி. அரசம்படுகைக் கிணற்றில் அன்று காலை இரண்டடிதான் இருந்தது.

ஒலிபெருக்கி கனிவான குரலில் பேசிக்கொண்டிருந்தது: “அன்பான பயணிகளே, ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட படித்துறையை இப்போது காண்கிறீர்கள். இங்குள்ள மக்கள் இன்றும் ஆற்றோடு இணைந்து வாழ்கிறார்கள்.”

“ஆமாண்டா, வாழுறோம், வந்து பாரு!” இன்னொரு கல் பறந்தது.

கப்பல் தலைவர் ருத்ரமூர்த்தி மேல்தளத்திலிருந்து ஆணையிட்டார். பீய்ச்சுகுழல் திரும்பியது. ஒட்டாநீர் கூட்டத்தின்மேல் அறைந்தது. பெண்கள் தடுமாறி விழுந்தார்கள். எழுந்தபோது ஒருத்தியின் புடவையிலும் ஈரமில்லை. அடி மட்டும் பட்டிருந்தது. அடித்த அடியைவிட, நனையாத அந்தப் புடவைகள்தாம் அவர்களை வெறிகொள்ளச் செய்தன.

“பூசை முடிஞ்சதும் கெளம்பிடுவோம்” என்றார் தலைவர், செண்பகவல்லியைப் பார்க்காமலே. “உன் சாதிசனத்த அடக்கி வை. இல்லன்னா நான் அடக்குறேன்.”

கப்பலின் பக்கவாட்டில் பூசைத்தட்டு இறங்கியது. நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே, படித்துறையின் வேலிக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கும் இரும்புப் பலகை அது. பயணிகள் பத்துப் பேர் பிளாஸ்டிக் மாலைகளுடன் அதில் இறங்கினார்கள். கல்லுக்குப் பயந்து தலைவர் அவர்களுக்குப் பின்னால் கதவைத் தாழிட்டுவிட்டார்.

பயணிகளில் முன்னால் நின்றவர் ஈரோட்டுத் தெய்வநாயகி. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுப் பழகியவர்.

“ஏனுங்க, சாமி கும்புடற எடத்துல கல்லெறியறீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தியில்லீங்களா?” என்றார் வேலியைப் பார்த்து.

“ப்ளாஸ்டிக்ல கும்புடுற சாமியாம்மா அது?” வேலிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். செண்பகவல்லியின் அண்ணி அஞ்சம்மாள். தலையில் முளைப்பாரிச் சட்டி, இடுப்பில் சின்னச் செம்பு. “எங்க ஆத்தாளுக்கு நாங்க முளைப்பாரி விட வேலி. நீங்க குப்பையக் கொட்டப் பலகையா?”

“எங்களத் திட்டி என்ன பண்றது? சட்டத்தப் போயி கேளுங்க.”

“சட்டத்த எழுதுனவன் மூஞ்சி தெரியாதே. ஒங்க மூஞ்சிதானே தெரியுது.”

அப்போதுதான் அந்தக் கல் வந்தது. கலியபெருமாள் ஒலிபெருக்கியைக் குறிவைத்து எறிந்தது. கம்பியில் பட்டுத் திரும்பித் தெய்வநாயகியின் நெற்றியில் விழுந்தது.

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மற்றவர்கள் கதவைத் தட்டினார்கள்; உள்ளே யாரும் திறக்கவில்லை. செண்பகவல்லி பின்தளத்தின் காவல் ஏணியில் பலகைக்கு இறங்கி ஓடிவந்து, வேறொன்றும் தோன்றாமல், ஆற்று நீரை இரு கையாலும் அள்ளிக் காயத்தில் ஊற்றினாள். நீர் மணிமணியாக உருண்டு ஓடியது. இரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி அள்ளினாள். மறுபடி உருண்டது. கண் முழுக்க ஆறு. ஒரு காயத்தைக் கழுவ வழியில்லை.

“தள்ளு அந்தாண்ட.” அஞ்சம்மாள் வேலியின் மேலாகச் செம்பை நீட்டினாள். “இது கெணத்துத் தண்ணி. கொஞ்சந்தான் இருக்கு. சிந்தாம ஊத்து.”

முளைகளின்மேல் தெளிப்பதற்காக அவள் பத்து நாளாகக் குடிதண்ணீரில் மிச்சம்பிடித்த நீர் அது. செண்பகவல்லி முந்தானையின் நுனியை அதில் நனைத்தாள். துணி நனைந்தது. அந்த ஈரம் நெற்றியில் பட்டதும் தெய்வநாயகி விம்மினார். வலியினால் அல்ல. காயம் கழுவியபின் செம்பில் இரண்டு வாய் மிஞ்சியது. “குடிச்சிருங்க” என்றாள் அஞ்சம்மாள், இன்னும் கோபம் தணியாத முகத்தோடு.

தெய்வநாயகி குடித்தார். செம்பைத் திருப்பித் தந்தபோது அவர் குரலில் அதிகாரம் இல்லை.

“நான் உங்களுக்கு என்னம்மா பண்ணட்டும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கு நாங்க இருக்கமோ இல்லியோ. இதக் கொஞ்சம் ஆத்துல விட்டுருங்க. ஒங்களுக்குத்தான் வேலி இல்லியே.”

பச்சைப் பசேலென்ற முளைப்பாரிச் சட்டி வேலியைத் தாண்டி வந்தது. அது நன்றிக்கு நன்றி, அவ்வளவுதான். வாங்கியவருக்கும் கொடுத்தவளுக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அறிஞர்கள் அந்த நீரை அமிலத்தில் சோதித்தார்கள், எண்ணெயில் சோதித்தார்கள், தடைப்பட்டியலும் போட்டார்கள். காயம் கழுவியதற்கு நன்றியாக ஒருவர் தட்டிலிருந்தே முளைப்பாரியை ஆற்றில் விடுவார் என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

செண்பகவல்லிக்கு மட்டும் தெரியும். அவளும் தடுக்கக் கையை நீட்டவில்லை. தெய்வநாயகி குனிந்து சட்டியை ஆற்றில் விட்டார். முளைகள் சாய்ந்தன, மிதந்தன, மூழ்கின.

முளை மூழ்கிய இடத்தில் நீரின் நிறம் மாறியது. பளிங்கு நீலம் போய்க் கலங்கலான பழுப்பு. அந்தப் பழுப்பு தட்டு அளவானது, பாய் அளவானது.

“வல்லி!” மேலிருந்து தலைவர் அலறினார். “பிடியத் திருகு! ஓடு!”

அவள் ஏணியில் ஏறி ஓடினாள். பிடியைப் பற்றினாள். ஏழு நிமிடம். அந்தப் பிடிதான் அவளுக்கு வேலை, வீடு, நகரத்தில் ஒரு பெயர். தூரத்தில் கிணற்றின் சிவப்பு விளக்கு கண்ணை இமைக்காமல் எரிந்தது. ஏழு வருடமாக அவள் கை தவறாமல் திருகியிருக்கிறது. இன்று அந்தக் கையில் அண்ணியின் செம்பு நீர் இன்னும் காயாமல் இருந்தது.

அவள் பிடியை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். தலைவர் படிகளில் உருளாத குறையாக இறங்கி வந்து அவளைத் தள்ளிவிட்டுப் பிடியைத் திருகியபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

ஆறு சத்தமில்லாமல் இறங்கியது. முதலில் கரையோரம் குமிழிட்டது. பிறகு மதகுகளுக்கு இடையே மூன்று கிலோமீட்டரும், பல காலமாகப் பட்டினி கிடந்தவன் உண்பதுபோல, மணல் நீரை இழுத்தது. நான்கு மணிக்குக் கப்பலின் அடிப்பகுதி தரைதட்டியது. ஐந்து மணிக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குடிநீர்த் தொட்டி சாய்ந்து உடைந்து, அதிலிருந்த நீரும் மணலுக்குப் போனது. இருநூறு பயணிகள் கயிற்றேணியில் இறங்கி, ஈர மணலில் கால் புதையப் படித்துறைக்கு ஏறினார்கள். வேலியை யார் அறுத்தார்கள் என்று தெரியவில்லை.

கலியபெருமாள் தங்கையின் எதிரில் வந்து நின்றான்.

“நீதான் பண்ணுனியாமே?”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. சும்மா நின்னேன்.”

“ஏழு வருசமா அதானே பண்ணுன” என்றான். மன்னித்துவிட்டதாக அவன் முகம் காட்டவில்லை. தெய்வநாயகியின் நெற்றிக்கட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உருளையில் கயிற்றை மாட்டினான். பயணிகளுக்கு நீர் இறைக்க ஆரம்பித்தான்.

கடைசியாகக் கரையேறியவர் ருத்ரமூர்த்தி. “எல்லாரையும் உள்ள தள்ளுறேன். ஒருத்தரயும் விடமாட்டேன். திருட்டுப் பயலுவ! ஆத்தையே திருடிட்டீங்களேடா!” நாக்கு வறண்டு அவருக்குக் குரல் பிசிறியது.

அஞ்சம்மாள் செம்பை நீட்டினாள். “முதல்ல குடிங்க. குடிச்சுட்டுத் திட்டுங்க.”

மணி ஆறு. கிணற்று விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. ஊரில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. சில பெண்கள் அந்த விளக்கை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதே நொடியில் ஆற்றின் நடுவே, சாய்ந்து கிடந்த பொன்னித்தேரின் முகப்பில் சிவப்பாக ஒன்று எரிந்தது. மனிதர் தங்கும் இடம் எதுவானாலும் அங்கே ஓர் அளவுக்கண் பொருத்த வேண்டும் என்பது சட்டம். கப்பலும் விலக்கல்ல. இத்தனை வருடம் பன்னிரண்டடி நீரில் மிதந்ததால் யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஒலிபெருக்கி அதே கனிவான குரலில் பேசியது:

“அன்பான பயணிகளே, பொன்னித்தேர் நிற்கும் இடத்தில் நீர் இல்லை. இங்கு தங்கியிருப்போர் பத்து நாட்களுக்குள் வெளியேற வேண்டும்.”

கலியபெருமாள் இறைத்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அன்று முழுவதும் அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

ருத்ரமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். நீர் வாயோரம் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் ஓடியது. குடித்து முடித்ததும் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், நனைந்த அந்தக் கையையே பார்த்தபடி நின்றார்.