ஒத்துப்போகாத ரத்தம்

செல்போன் அடித்தபோது அவர் லாரியின் பின் டயரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாத நம்பர்.

"மருந்து லாரி டிரைவர்தானே?"

கரகரத்த குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல...

"ஆமா. நீங்க?"

"நேத்து நீயும் உன் பொண்ணும் டி.என்.ஏ. டெஸ்ட் கொடுத்தீங்கல்ல? அந்த லேப்ல இருந்து பேசறேன். உக்காந்துட்டு கேளு."

அவர் உட்காரவில்லை.

"உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். ஒத்துப்போகலை. அவ உன் பொண்ணு இல்லை."

கையிலிருந்த சுத்தியல் நழுவிக் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன், ஒன்பது வயது மகளை மனைவியிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கினார். மறுநாளே குடியேற்ற ஏஜென்டிடம் ஓடி, மகளின் நிரந்தர வசிப்புக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. கணக்கு டீச்சர். வருகை விசாவில் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. சனிக்கிழமையோடு விசா முடிகிறது.

"கவலைப்படாதீங்கண்ணே, ஃபைல் மேல போயிடுச்சு. டி.என்.ஏ. ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி" என்று ஏஜென்ட் வாய் நிறையச் சிரித்து, க்ளினிக் விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்த ரிப்போர்ட்தான் இப்போது பேசுகிறது.

"என்ன... என்ன செய்யணும்கறீங்க?"

"ஒத்துப்போகுதுன்னு நான் மாத்தி எழுதறேன். பதிலுக்கு நீ ஒரு டீ குடிக்கணும்."

"டீயா?"

"வெள்ளிக்கிழமை உனக்கு எல்லைக்கு ஓட்டம். பதினோரு மணிக்கு பைபாஸ் பெட்ரோல் பங்க்ல நிறுத்து. சாவியை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கு. பத்து நிமிஷம். ஆறு பெட்டி ஏத்துவோம், அந்தப் பக்கம் வேற ஆளு இறக்கிக்குவான்."

"சீல் வெச்ச வண்டி அது..."

"அதனாலதான் அது வேணும். செக்போஸ்ட்ல மருந்து லாரியைத் திறக்க மாட்டாங்க. சீலை நாங்க பாத்துக்குறோம். போலீசுக்குப் போனே, உண்மையான ரிப்போர்ட் நேரா குடியேற்ற ஆபீசுக்குப் போகும். எவன் பொண்ணையோ உன் பொண்ணுன்னு கூட்டிட்டு வந்தவன்னு உன் குடியுரிமையையும் பிடுங்குவாங்க. அவ முதல் விமானம், நீ அடுத்த விமானம்."

லைன் அறுந்தது.

சாயங்காலம். இரண்டே அறை கொண்ட வீடு. மகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்தார்.

மூக்கு? அவருடையது இல்லை. காது? தெரியவில்லை. இத்தனை வருடத்தில் காதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

பதில் சொல்ல வேண்டிய மனைவி நான்கு வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று நினைத்த மாத்திரத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"என்னப்பா, திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"வந்ததுல இருந்து மூணு தடவை அதையே சொல்லிட்டீங்க. சொல்லுங்க."

அவர் சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டி, பெட்ரோல் பங்க், டீ, எல்லாம்.

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப... நான் உங்க பொண்ணு இல்லைன்னு நம்பிட்டீங்களாப்பா?"

"நம்பினேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. ஆனா ஒண்ணு தெரியும். ரிப்போர்ட்ல என்ன இருந்தாலும் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அதனாலதான் லாரியைக் கொடுத்துடலாமான்னு யோசிக்கறேன். முப்பது வருஷமா ஸ்டீயரிங் பிடிக்கறேன். ஒரு பொட்டலம் கடத்தினது கிடையாது."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். கணக்கில் எங்கேயோ இடிக்கும்போது வகுப்பில் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள்.

"அவன் என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் மூணு தடவை..."

"ரத்தமா?"

"ஆமா."

"அப்பா, நம்மகிட்ட யாரு ரத்தம் எடுத்தா?"

அவர் விரல் தானாகக் கன்னத்துக்குப் போனது.

பஞ்சு சுற்றிய குச்சி! கன்னத்தின் உள்பக்கம் இப்படியும் அப்படியும் தேய்த்து, உறையில் போட்டு ஒட்டினார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை!

"லேப்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும்? பேசினவன் லேப் பக்கமே போகாதவன்பா. நாம டெஸ்ட்டுக்குப் போனது தெரியும், உங்க வெள்ளிக்கிழமை ஓட்டம் தெரியும். இந்த ரெண்டும் யாருக்குத் தெரியும்?"

அவருக்கு ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. டெப்போ சூப்பர்வைசர். ஊழியர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. டெஸ்ட்டுக்காக அரை நாள் லீவு கேட்டபோது எரிந்து விழுந்தவன். ஓட்டம் போடுகிறவனும் அவனே.

"போலீசுக்குப் போகலாம்பா."

"போனா உன் ஃபைலுக்கு ஏதாவது ஆயிடும்மா."

"ஆனா ஆகட்டும். நீங்க ஜெயில்ல இருக்கற ஊர்ல நான் மட்டும் நிரந்தரமா இருந்து என்ன பண்ண?"

வெள்ளிக்கிழமை. பத்து ஐம்பத்தெட்டு.

லாரி பங்க்கின் ஓரத்தில் நின்றது. அவர் சாவியை விட்டுவிட்டு இறங்கினார். கடையில் காகிதக் கோப்பையில் டீ வாங்கினார். குடிக்காமல் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கழிவறை வாசலில் ஒருத்தர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவர்தான் புகாரை வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர்.

வெள்ளை வேன் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து லாரியின் பின்னால் ஒட்டி நின்றது.

முகத்தில் துணி கட்டிய ஆள் இறங்கினான். சீலைப் பிரித்தான். ஒரு பெட்டி... இரண்டு... மூன்று...

"கையைத் தூக்கு!"

துடைப்பான் தரையில் கிடந்தது. இன்ஸ்பெக்டரின் கையில் துப்பாக்கி. டயருக்குக் காற்றடிக்கும் மூலையிலிருந்து நான்கு போலீஸ்காரர்கள் பாய்ந்தார்கள்.

'சிடுமூஞ்சி மாட்டினான்' என்று டிரைவர் ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் துணியை இழுத்தார்.

வாய் நிறையச் சிரிக்கும் முகம். இப்போது சிரிக்கவில்லை.

ஏஜென்ட்!

"நீயா? என்னை அண்ணேன்னு கூப்பிட்டியேடா..."

இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியைக் கிழித்தார். உள்ளே கட்டுக் கட்டாக வசிப்பு அனுமதி அட்டைகள். அத்தனையும் போலி.

ஸ்டேஷனில் மகள் காத்திருந்தாள். ஏஜென்டின் ஆபீசைச் சோதனை போட்டவர்கள் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள்.

"வேலைக்கு ஆதாரம் வேணும்னு உங்ககிட்ட டூட்டி சீட்டு கேட்டு வாங்கினானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாசாமாசம் கேப்பான் சார்."

"அதுல இருந்துதான் உங்க ஓட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டான். டெஸ்ட்டை குடியேற்ற ஆபீஸ் கேக்கவே இல்லை. உங்களை மிரட்ட அவனே அனுப்பியிருக்கான். இன்னொரு விஷயம்... இந்த ஃபைல் அவன் அலமாரியில இருந்துச்சு."

"அலமாரியிலயா?"

"ரெண்டு வருஷமா. உங்க பொண்ணு பேர்ல எந்த மனுவும் தாக்கலாகலை."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாளையோடு விசா முடிகிறது. எந்த ஃபைலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாரோ, அது வெறும் காகிதக் கட்டு!

மகள் அவர் தோளைத் தொட்டாள். "பரவாயில்லப்பா. நான் போயிட்டு..."

"எங்கே போறே?" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "ரத்தம்ங்கற வார்த்தையைப் பிடிச்சவ நீ. இந்தக் கேஸ்ல முக்கியமான சாட்சி. வழக்கு முடியற வரைக்கும் நாட்டை விட்டு நகரக் கூடாது. சாட்சிக்குத் தனி அனுமதி உண்டு, இன்னிக்கே எழுதித் தரேன். அதுக்குள்ள உங்கப்பா நேரா ஆபீசுக்கே போய் மனு கொடுக்கட்டும். நிரந்தர வசிப்பு ரெண்டு வருஷத்துல வந்துடும்."

டிரைவர் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"க்ளினிக்ல கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "உண்மையான ரிசல்ட் அடுத்த வாரம்தான் வருமாம்."

"வரட்டும் சார். வேணும்னா ஃபைல்ல வெச்சுக்குங்க. எனக்கு வேணாம்."

மகள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

"சார், வழக்கு முடிய எத்தனை நாளாகும்?"

"அவன் குற்றத்தை ஒத்துக்கிட்டா ஒரே மாசம். நல்ல வக்கீல் வெச்சு இழுத்தான்னா அஞ்சு வருஷம்கூட ஆகும்."

அவள் லாக்கப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக் கேட்டாள்:

"அப்பா, உங்களுக்கு நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா... அவனுக்கு?"