தோல் ஷாப்புக் காத்து

"அத்தா, உள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது," என்றாள் ருக்சானா, தியேட்டர் கதவுக்குள் ஒரு காலை வைத்தபடி.

வாசலில் காவலுக்கு நின்ற கிதர் முகம்மது மகளைப் பார்த்துச் சிரித்தார். "தோல் ஷாப்புக் காத்தும்மா. திண்டுக்கல்ல வேற என்ன அடிக்கும்? மாசமா இருக்கவளுக்கு எல்லாம் நாறத்தான் செய்யும். போ, படம் போட்டுட்டான்."

அவருக்கு எந்த நாற்றமும் தெரியாது. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரமே பாதி ஆயுசு கழிந்ததில் மூக்கு எப்போதோ செத்துப்போச்சு. வெளியே சொன்னால் இந்த வேலையும் போயிடுமே! போன வாரம் போலீஸ்காரர்கள் வந்து, கூட்டம் கூடுகிற இடத்தில் எவனாவது விஷவாயுவைத் திறந்துவிட்டால் என்ன செய்யணும் என்று பாடம் நடத்தினார்கள். புது வாடை வந்தால் ஏசியை அணை, கதவையெல்லாம் திற, சனத்தை வெளியேற்று. மோந்து பழக ஒரு துணியைச் சுற்றுக்கு விட்டார்கள். கூட வேலை பார்க்கும் பழனிக்குமார் மூஞ்சியைச் சுளித்தான், இவரும் சுளித்தார். பெரிய நடிகர்தான் போங்க!

உள்ளே காமெடிப் படம். ஏசி இரைச்சலுக்கு மேலே கூட்டத்தின் சிரிப்பு கதவைத் தாண்டி வந்து, கேன்டீனில் பாப்கார்ன் பொரியும் சத்தத்தோடு கலந்து, கொஞ்ச நேரத்தில் சிரிப்பு இருமலாகி, இருமலும் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் படத்தின் குரல்கள் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தன. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார். எழுந்தார். கதவிடுக்கில் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது.

"ஏலே பழனி, இங்க வந்து..." என்று வெளிக்கேட்டில் நின்றவனைக் கூப்பிட ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாத்தம் அடிக்குதா என்று கேட்டால் குட்டு உடைஞ்சிடும்.

இடைவேளை மணி அடித்தது.

ஒருத்தரும் வெளியே வரவில்லை. டீக்கு ஒரு ஆள் இல்லை. பாத்ரூமுக்கு ஒரு பிள்ளை ஓடவில்லை.

"யா அல்லா!"

கதவைத் தள்ளினார். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகச் சனம் உட்கார்ந்திருந்தது. தலைகள் சரிந்து. வாய்கள் திறந்து.

"ருக்சானா! அத்தா வந்துட்டேன்மா!"

ஓரத்து இருக்கை. முக்காட்டுத் துணி மூக்கை மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். தலை அவர் கைமேல் விழுந்தது.

நான்தானே உள்ளே அனுப்பினேன். நான்தானே!

அவள் மடியில் சாய்ந்தார். மகளிடம் மூச்சு இல்லை.

அவர் கன்னத்துக்கு அடியில், வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை உதைத்தது. மறுபடியும் உதைத்தது.