சீல் உடையாத பெட்டி

“ஒன்பதாவதோட நின்னவளுக்கு வாய் எதுக்கு?”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வெங்கடேஷ் ஃபிசாவிடம் கேட்ட கேள்வி அது. ஒரு பெட்டியில் லேபிள் மாறியிருக்கிறது என்று அவள் சொன்னதற்குக் கிடைத்த பதில். அதன் பிறகு அவள் அவனிடம் வாயே திறக்கவில்லை. ஆதம்பாக்கம் பேக்கிங் கூடத்தில் லேபிள் ஒட்டுவாள். யார் எது சொன்னாலும் தலையாட்டுவாள்.

புதன்கிழமை காலை 10.20. தி. நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் பட்டுக்கடை. ஆதம்பாக்கத்தில் கட்டும் பெட்டிகள் வேனில் இங்கேதான் வரும். ஒரு கல்யாண வீட்டார் மாடியில் காத்திருந்தார்கள். கீழே சரக்கு இறக்கும் அறையில், அந்த அறையின் சூப்பர்வைசர் வெங்கடேஷ், நான்கு பேர் முன்னிலையில் 31ஆம் எண் பெட்டியின் சீலை வெட்டினான். உள்ளே பதினான்கு முகூர்த்தப் பட்டுகள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை பழைய செய்தித்தாள் கட்டுகள்.

மேல் மூடியில் கோத்திருந்த பிளாஸ்டிக் சீல், வெட்டும் வரை உடையாமல்தான் இருந்தது. அதன் எண் ஆதம்பாக்கத்தில் குறித்த அதே எண். எடையும் அதே பதினொரு கிலோ இருநூறு.

11.15. பெட்டியைக் கட்டிய ஜுவேரியாவும் லேபிள் ஒட்டிய ஃபிசாவும் வரவழைக்கப்பட்டு அந்த அறையில் நின்றார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. கடைப் பெண்கள் எட்டிப் பார்த்துப் போனார்கள்.

“யார் கட்டினது?” என்றார் அண்ணாச்சி.

“நான்தான்” என்றாள் ஜுவேரியா.

“சீல் போட்டது?”

“அதுவும் நான்தான்.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

“எல்லாரும்தான் இருந்தாங்க. யாரு யாரைப் பாத்துக்கினு இருப்பாங்க அண்ணாச்சி?”

வெங்கடேஷ் சிரித்தான். “அதைத்தான் நானும் சொல்றேன்.”

வேன் ஓட்டும் வேம்புவின் முறை வந்தது. “வழியில கதவைத் தொறந்தியாலே?”

“என் வேன் கதவைத் தொறந்தா தெரு முழுக்கக் கேக்கும் நைனா. அந்தக் கீல் அப்டி அழுவும். இந்த மேடம் பக்கத்துலயேதானே குந்திக்கினு வந்தாங்க, கேட்டுப் பாருங்க.”

மேடம் என்பது சரண்யா. சரக்கு எங்கே தங்குகிறது, எங்கே தொலைகிறது என்று ஆறு மாதமாக இந்தக் கடையை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். நேற்று வேனோடு வந்தவளும் அவள்தான். மடிக்கணினியைத் திறந்து படித்தாள்.

“செவ்வாய் 10.25, ஆதம்பாக்கத்துல ஏத்தினாங்க. எல்லாப் பெட்டியும் காய்ஞ்சு, சுத்தமா இருந்துச்சு. 11.10, வேளச்சேரியில மழைத்தண்ணி, வேன் தரைக்குள்ள ஏறிடுச்சு. 11.55, இங்க இறக்கினாங்க. கீழடுக்குல 31, 32, அடியில ஈரம், சேறு. வழியில கதவு திறக்கல. 12.05, சரக்கு ஒப்படைச்சாச்சு.” சற்றுத் தயங்கினாள். “இங்க சீலோட இருந்த பெட்டி. என் கணக்குப்படி கண்காணிப்பு இல்லாத ஒரே இடம் பேக்கிங் மேஜைதான்.”

“படிச்சவங்க சொல்லியாச்சு” என்றான் வெங்கடேஷ்.

அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். “நீ எடுத்தேன்னு நான் சொல்லல ஜுவேரியா. ஆனா வேற எங்கயும் நடக்கலையே. பொறுப்பு உன்னுதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வேலைய விட்டு நின்னுக்கோ. போலீசுக்குப் போக வேண்டாம்.”

“போட மாட்டேன்.”

“யோசிச்சுப் பேசு.”

“போலீசையே கூப்டுங்க. பதினேழு வருஷமா கட்டறேன். செய்யாததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு எந்த மூஞ்ச வெச்சுக்கினு வீட்டுக்குப் போவேன்?”

ஜுவேரியா தாளைத் தள்ளிவிட்டாள். ஃபிசா அவளைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து எல்லாரும் சீலையும் மேல் மூடியையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து காலிப் பெட்டியைக் கவிழ்த்தாள்.

“ஏய், இன்னா பண்ற? வை கீழ” என்றான் வெங்கடேஷ்.

“வைக்க மாட்டேன்.”

தன் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

“அண்ணாச்சி, 32ஆம் பெட்டியையும் கவுத்துங்க.”

வேம்பு கவிழ்த்தான். இரண்டு பெட்டிகளும் அடியைக் காட்டி நின்றன. இரண்டிலும் கண்ணாடி மாதிரி டேப். இரண்டிலும் சேறு காய்ந்த கறை.

“32ல சேறு டேப்புக்கு மேல கீது. நகத்தால சுரண்டினா வருது. டேப்புக்கு அடியில அட்டை சுத்தமா கீது. டேப் ஒட்டி, அப்புறம் நனைஞ்ச பெட்டி. 31ஐத் தொட்டுப் பாருங்க. டேப்பு மேல வழவழன்னு கீது. சேறு உள்ள மாட்டிக்கினு கீது.”

சரண்யா விரலால் தடவினாள். அவள் முகம் மாறியது. “அப்படின்னா இந்த டேப், பெட்டி நனைஞ்ச அப்புறம் ஒட்டினது.”

“சீலைத் தொடாம, அடியில பழைய டேப்பைக் கீறிப் பிரிச்சு, அது மேலயே அகலமா புது டேப் ஒட்டிக்கீறாங்க” என்றாள் ஃபிசா.

“சரி, அப்ப வேன்ல நடந்திருக்கும்” என்றான் வெங்கடேஷ் வேகமாக. “இல்ல, இறக்குறப்போ.”

ஃபிசா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓர் அட்டைத் துண்டின் மேல் ஊற்றினாள். டேப் உருளையை அவனிடம் நீட்டினாள்.

“ஒட்டிக் காட்டுங்க சார்.”

அவன் கையை நீட்டவில்லை. அண்ணாச்சி அதைக் கவனித்தார். தாமே உருளையை வாங்கி, முட்டி போட்டு உட்கார்ந்து, ஈர அட்டையில் ஒரு சாண் டேப்பை அழுத்தித் தேய்த்தார். கையை எடுத்ததும் அது சுருண்டு விழுந்தது. இன்னொரு முறை ஒட்டினார். மறுபடியும் விழுந்தது.

“ஈர அட்டையில எந்த டேப்பும் நிக்காது” என்றாள் ஃபிசா. “அடியட்டை காய அரை நாளாவது ஆவும். நேத்து இங்க வர்றப்போ ஈரம்னு சரண்யாக்காவே எழுதிக்கீறாங்க. காய்ஞ்சது இந்த ரூம்ல. டேப் ஒட்டினதும் இந்த ரூம்ல. நேத்து சாயங்காலம் பூட்டினது யாரு? இன்னைக்குக் காலைல எட்டு மணிக்குத் தொறந்தது யாரு?”

சாவி வெங்கடேஷின் இடுப்பில் தொங்கியது.

“காயட்டும்னு காத்திருந்தவரு சேத்தைத் துடைக்கல. எங்க மேஜையில துடைக்காம டேப் போட்டா ஜுவேரியாக்கா கையால அடி விழும். இவரு ஒரு நாளாவது பெட்டி கட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“இதெல்லாம் கதை அண்ணாச்சி! நான் எடுத்திருந்தா சரக்கு எங்க? என் பையைப் பாருங்க!”

“பையில இருக்காது. வெளிய போறவங்க பையை வாசல்ல செக் பண்றாங்க.” ஃபிசா சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினாள். பழுதான சேலைகள், சேலை அனுப்பிய ஏஜென்டுக்குத் திரும்பப் போகிறவை. “ரிட்டர்ன் பெட்டியை யாரும் தொறக்கறதில்ல. பன்னெண்டு மணிக்கு ஆட்டோ வந்துடும்.”

சரண்யா மடிக்கணினியை மெல்ல மூடினாள். “நான் உள்ள வர்ற சரக்கை மட்டும்தான் குறிச்சேன். திரும்பிப் போறதைக் குறிக்கவே இல்ல.”

11.48. வேம்பு முதல் பெட்டியைப் பிரித்தான். பழுதான சேலைகள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், மேலே இரண்டு கறைபட்ட சேலைகளுக்கு அடியில், பதினான்கு முகூர்த்தப் பட்டுகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஏஜென்டின் ஆள் ஒருவனுக்கும் பங்கு உண்டு என்று வெங்கடேஷ் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“சாவியைக் கொடு. ஸ்டேஷன்ல இருந்து வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையாத” என்றார் அண்ணாச்சி.

பிறகு ஜுவேரியாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “மனசுல வச்சுக்காதம்மா. நடந்தது நடந்துபோச்சு.”

“மெதுவா சொன்னா எப்படி அண்ணாச்சி?” என்றாள் ஃபிசா. “திருட்டுப் பட்டம் கட்டறப்போ கடை முழுக்கக் கேட்டுச்சே.”

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. ஃபிசா பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் வாசலுக்குப் போய் கடைப் பெண்களையும் கல்லாக்காரரையும் கூப்பிட்டார். எல்லாரும் வந்து நின்ற பிறகு உரக்கச் சொன்னார்.

“ஜுவேரியா மேல ஒரு தப்பும் இல்ல. விசாரிக்காம பேசினது என் தப்பு.” திரும்பினார். “நாளைக்கு வேலைக்கு வந்துருவேல்லா?”

ஜுவேரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஃபிசாவின் கன்னத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டாள். வேலை செய்பவர்கள் பின்வாசலில்தான் போக வர வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம். அவள் கடைக்கூடத்துக்குள் நடந்தாள். பட்டு விரித்திருந்த மெத்தைகளையும் நிமிர்ந்து பார்த்த வாடிக்கையாளர்களையும் கடந்து, காவலாளி திறந்து பிடித்த முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கிப் போனாள்.