மெலனேசியாவின் பலகை

வாசற்படியில் கால் வைத்ததும் விசில் கேட்டது. மெல்லத் தொடங்கி, உயரே ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகு மூச்சு போவது போலக் கீழே இறங்கிய நீள விசில். ஹார்கிரேவ் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஆள் இல்லை. சிட்னித் துறைமுகத்தின் மேல் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அமைச்சர் என்றும் பாராமல் விசிலடிக்கிற போக்கிரி யாரோ என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

அந்தப் படி புதிது. வாஷிங்டனில் பெரிய நாட்டுத் தலைவர்கள் கூடி, உனக்கு இத்தனை போர்க்கப்பல், எனக்கு இத்தனை என்று பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்டதில், ஆஸ்திரேலியாவின் பங்குக்கு மெலனேசியா என்ற கப்பல் பலியானது. அதை நடுக்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்த வைபவத்துக்குத் தலைமை தாங்கியவர் ஹார்கிரேவ்தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு நினைவுப்பொருளைக் கழற்றிக்கொண்டார்கள். இவர் மேல்தளத்துத் தேக்குப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசற்படியாகப் பதித்துக்கொண்டார்.

மறுநாளும் விசில். அதற்கு மறுநாளும். உள்ளே வரும்போது மட்டும். மழையே இல்லாத வாரத்திலும் பலகை ஈரமாக இருந்தது. குனிந்தால் நிலக்கரியும் பழைய எண்ணெயும் உப்பும் கலந்த வாடை அடித்தது. சமையலுக்கு இருந்த எடித் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள்.

சாப்பிடும்போது அவளிடமே கேட்டார்.

"எடித், வாசல்ல விசில் சத்தம் ஏதாவது கேக்குதா?"

"இல்லையே ஐயா. எப்படி விசில்?"

அவர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அவளுடைய காலஞ்சென்ற கணவன் கடற்படையில் பாய்மரமும் கயிறும் பார்த்த மூத்த மாலுமி.

"இது எங்க வீட்டுக்காரர் ஊதுறதாச்சே. கப்பல்ல கேப்டன் ஏறினா, எறங்கினா ஊதுவாங்க."

ஹார்கிரேவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. "அப்ப மந்திரிக்கும் ஊதுவாங்க, இல்ல?"

"கோட்டுப் போட்டவங்களுக்கெல்லாம் ஊத மாட்டாங்க ஐயா, மந்திரியானாலும் சரி. கடற்படை அதிகாரின்னா ஊதுவாங்க. இல்லேன்னா பொணத்துக்கு."

"பொணத்துக்கா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் பசங்க எதிரெதிரா வரிசை கட்டி நிப்பாங்க. நடுவுல பொணத்தைக் கொண்டுபோய்க் கடல்ல எறக்கறப்ப ஊதுவாங்க. அதைக் கித்தான் துணியில வெச்சுத் தைச்சிருக்கும். கடைசித் தையலை மூக்குல குத்தி எடுப்பாராம் எங்க வீட்டுக்காரர். உசுரு இருந்தா துள்ளுமே. 'துள்ளாதவன்தான் செத்தவன், மத்ததெல்லாம் டாக்டர் சொல்ற கதை'ம்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

மூழ்கடித்த அன்று ஒரு மாலுமி மூச்சிரைக்க ஓடிவந்தது நினைவில் எழுந்தது. "ஐயா, கப்பலோட அடித்தளத்துல யாரோ தட்டுறாங்க. காரிகன்னு கரி அள்ளுறவன் ஒருத்தனைக் காணோம். ஒரு தடவை எறங்கிப் பாத்துடறோம்." புகைப்படக்காரர்கள் தயாராக நின்றார்கள். கரையில் விருந்து ஆறிக்கொண்டிருந்தது. தட்டல் அவருக்கும் கேட்டது. "தண்ணி ஏறுற சத்தம்யா அது. அவன் எந்தச் சாராயக்கடையில விழுந்து கெடக்கானோ. ஆரம்பிங்க" என்றார். காரிகன் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. அவன் மனைவி அலுவலகத்துக்கு வந்தபோது, தான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அவன் உள்ளேதான் இருந்தான் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

"நாளைக்குத் தச்சனை வரச் சொல்லு" என்றார் எடித்திடம். "அந்தப் பலகையைப் பேத்து எறிஞ்சிடணும்."

அவள் பாத்திரங்களைக் கழுவிவைத்து, பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போனாள். அவர் கணப்பருகே நாற்காலியில் சாய்ந்தார். அங்கிருந்து நடைவழியும் மூடிய முன்கதவும் தெரிந்தன. இடது கை மரத்துப்போயிருந்தது. குளிர் என்று நினைத்தார். கரி எரிந்துகொண்டிருந்தும் அறையில் சூடு ஏறவில்லை, உப்பு வாடைதான் ஏறியது.

தட்டல் கேட்டது.

கதவில் அல்ல. பலகைக்கு அடியில். பொறுமையான தட்டல். இரும்பில் இரும்பு படுகிற ஓசை. எழுந்து பின்வாசல் வழியாக ஓடிவிட நினைத்தார். கால்கள் அசையவில்லை.

தட்டல் நின்றது. விசில் எழுந்தது.

யாரும் உள்ளே வரவில்லை. அப்படியானால் யாரோ வெளியே போகிறார்கள்.

முன்கதவு தானாகத் திறந்தது. தோட்டம் தெரியவில்லை. அலை போலக் கறுப்பாக ஏதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படியிலிருந்து நடைவழி நெடுக ஈரப் பாதங்கள் ஒவ்வொரு சோடியாகத் தரையில் பதிந்துகொண்டே வந்தன. இரண்டு வரிசை. விரல்கள் எதிரெதிராக. நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி. வழி அவர் நாற்காலியில் வந்து முடிந்தது.

மடியில் ஏதோ கனத்தது. ஈரக் கித்தான். அது முழங்காலை மூடியது. மார்பை மூடியது. கரித்தூள் படிந்த விரல்கள் கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல் தைத்துக்கொண்டு வந்தன.

'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று கத்தினார். குரல் எழவில்லை. கால்விரலால் தரையைத் தட்டினார். தட்டியதாகத்தான் நினைத்தார்.

மூக்கின் மேல் ஊசிமுனை குளிர்ந்தது.

துள்ள வேண்டும். ஒரே ஒரு முறை துள்ளினால் போதும்.

ஊசி உள்ளே இறங்கியது. உடம்பு துள்ளவில்லை.