ஆல்பத்துல இல்லாத அனிதா

கோட்டைக்குப்பத்து எப்சிபாவுக்கு அன்னிக்கு மத்தியானச் சோறே இறங்கல. ஏழாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்கு அப்பிடி இன்னா கவலைன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

அவ ஸ்கூல் கலை மன்றத்துல அவளுக்கு ஒண்ணுக்கு ரெண்டு பொறுப்பு. போட்டோவும் எடுக்கணும், நடந்ததை எல்லாம் ஆல்பத்துல எழுதியும் வைக்கணும். மன்றத் தலைவன் விமலுக்கு மேடையில உக்கார்றது ஒண்ணுதான் வேலை. மீதி எல்லாம் இவ தலையில.

திங்கக்கிழமை ஆண்டு விழா. ஆல்பத்தை ஒட்டி, படத்துக்கெல்லாம் கீழ வரிசையா பேரும் எழுதி முடிச்சு, வெள்ளிக்கிழமை காலையிலயே பெருமையா மேஜை மேல வெச்சுட்டா. அப்போதான் அனிதா வந்தா. அவளும் அதே கிளாஸ், அதே மன்றம். கையில டி.சி. வாங்கின காயிதம்.

“நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்குப் போறோம்டி. கடல் தண்ணி உள்ள வர்ற முகத்துவாரத்தை மண்ணு அடைச்சுக்கிச்சு இல்ல? ஏரியில எறாலே காணோம். அம்மா செங்கல் சூளைக்குப் போலாம்னு சொல்லிடுச்சு.”

“அங்க ஸ்கூல் கீதா?”

“கீதுன்றாங்க.”

அனிதா ஆல்பத்தை எடுத்து நிதானமா புரட்டினா. ஒவ்வொரு மூஞ்சி மேலயும் விரலை வெச்சு வெச்சுப் பாத்தா. கடைசிப் பக்கம் வந்ததும் மூடிட்டா.

“நல்லா கீதுடி”ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம போயிட்டா.

அப்புறந்தான் எப்சிபாவுக்கு சுருக்குன்னுச்சு. திரும்பவும் புரட்டினா. மொத்தம் பதினாலு படம். ஒண்ணுலகூட அனிதா இல்ல!

எப்பிடி இல்லாம போனா? அங்கதான் கண்ணுங்களா விஷயமே இருக்கு.

படம் எடுக்கிற போன் எப்சிபாவோட நைனாவுது. தினமும் அவரோட அதுவும் கடலுக்குப் போயிடும். அமாவாசை, பௌர்ணமி வந்தா மட்டும் கடல்ல நீரோட்டம் ஜாஸ்தி, வலையை இழுத்துக்கினு போயிடும்னு நைனா கரையில இருப்பாரு. போன் இவ கையில. அதனால கோலாட்டமோ நாடகமோ, அந்த நாள்லதான் எல்லாரையும் வேஷம் போட்டு நிக்க வெச்சுப் படம் எடுப்பா.

அனிதா வீட்டுல அப்பிடியே தலைகீழ். அவங்க ஏரியில கையால தடவி எறா பிடிக்கிறவங்க. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் ஏரித் தண்ணி நல்லா வத்தும். அன்னிக்கு அம்மாவும் பொண்ணும் சேத்துத் தண்ணியில உக்காந்து, பிடிச்சதைப் போடுற பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கினு, பொழுதுக்கும் தடவுவாங்க.

ஒரு தடவை அனிதா கேட்டும் பாத்தா. “வேற நாளு எடேன்டி.”

“போட்டோகிராபர் நானா, நீயா?”ன்னு இவ வெடுக்குன்னு சொல்லிட்டா. அந்த வார்த்தைதான் இப்போ தொண்டையில முள்ளா நின்னுச்சு. சோறு எப்பிடி இறங்கும்?

சாயங்காலம் ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துக்கினு போய், பேனாவைப் பிடிச்சா.

கோலாட்டப் படத்துக்குக் கீழ எழுதினா: ‘பாவாடைக்கு எல்லாம் ஜரிகை தச்சது அனிதா. படம் எடுத்தப்போ ஏரியில இருந்தா.’

நாடகப் படத்துக்கு: ‘ராஜாவோட மீசையை முந்தின நாள் அட்டையில வரைஞ்சு குடுத்தது அனிதா. விமல் தும்மினதுல பாதி மீசை பறந்துடுச்சு.’

எல்லாரும் சேந்து நின்ன படத்துக்கு: ‘இதுல ஒரு ஆள் குறையுது. தப்பான நாள் வெச்சது நான்.’

பதினாலு படத்துக்கும் எழுதி முடிச்சா. கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையா கிடந்துச்சு.

மறுநாள் ஏரிக்கரை பஸ் ஸ்டாப்ல அனிதா ஒரு மூட்டை மேல உக்காந்திருந்தா. எப்சிபா ஓடி வந்து ஆல்பத்தை அவ மடியில வெச்சா. அனிதா ஒண்ணொண்ணா படிச்சா. மீசைகிட்ட வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கினே சிரிச்சா.

“டீக்கடை அண்ணன் போனைக் கேட்டு வாங்கியாந்தேன். கடைசிப் பக்கத்துக்கு உன்னை ஒண்ணு எடுக்கட்டா?”

“வேணாம்டி. ஊரை விட்டுப் போற மூஞ்சி. அதைப் போயி ஒட்டுவியா?”

எப்சிபா போனை இறக்கிட்டா. அனிதா கையைப் பாத்தா. விரல் பூரா, சேத்துக்குள்ள கிடக்குற மட்டிச் சிப்பி ஓடு கிழிச்ச கோடு கோடா தழும்பு. வருஷம் பூரா தச்சதும் வரைஞ்சதும் அந்தக் கைதானே?

“அப்போ மூஞ்சி வேணாம். கையைக் குடு.”

ரெண்டு பேரும் கரைக்கு இறங்கினாங்க. அனிதா உள்ளங்கையைச் சேத்துல அழுத்தி, வெறும் பக்கத்துல பதிச்சா.

“நீயுந்தான் ஒரு படத்துலயும் இல்லியே.”

“எடுக்கிறவ எப்பிடிடீ உள்ள நிப்பா?”

“இதுல நிக்கலாம். வெய்யி கையை.”

“ஏ அனிதா! பஸ்ஸு வந்துடுச்சு, வாம்மே!” அவ அம்மா குப்பம்மா கத்துச்சு.

பஸ் கிளம்பிடுச்சு. அனிதா ஜன்னல் வழியா கையை ஆட்டினா, சேத்தோடயே. புழுதி அடங்குற வரைக்கும் எப்சிபா அங்கயே நின்னா. மேல ஒரே மேகம். சேறு காயவே நேரம் ஆச்சு.

காஞ்சதும் அந்தப் பக்கத்துக்குக் கீழ, எல்லாப் படத்துக்கும் எழுதுற மாதிரியே எழுதினா:

‘இடமிருந்து வலம்: அனிதா, எப்சிபா.’