ஒரே வளவில் இரண்டு வீடு

சுனாமி வீட்டுத் திட்ட அலுவலகத்தில் அன்று காலை இருந்தவர்கள்: கணினியைக் கவனிக்கும் இராசதுரை, முறைப்பாடுகளை விசாரிக்க வந்த காத்தான்குடி நஸீறா, அவருடைய உதவியாளன் டிலக்சன், குருக்கள்மடத்துச் சின்னத்தங்கம், வாசலுக்கு வெளியே, அவளோடு பேசாத அக்கா சீதேவிப்பிள்ளை.

"வீட்டுப் பட்டியலில என்ட பேரை வெட்டினது அக்காதான்," என்றாள் சின்னத்தங்கம். "அவட பேர் இரிக்கி, என்ட பேர் இல்ல. பின்னேரம் வீட்டுக் கதவுத் திறப்புக் கையில குடுக்கிறாங்க. எனக்கு இன்னும் கூடாரம்தான்."

"லஞ்சம் விளையாடியிரிக்கி, மேடம்," என்றான் டிலக்சன்.

"பொறு தம்பி," என்றார் நஸீறா. "தங்கச்சி, கடல் வர முதல் எங்க இருந்தீங்க?"

"அம்மாட காணி வளவில. முன்னுக்கு அக்கா வீடு, பின்னுக்கு என்ட."

"ஆம்பிளைச் சகோதரம்?"

"அண்ணன் மண்டூரில கலியாணம் கட்டினவர். அங்க, பொண்டாட்டி வீட்டில."

நஸீறா திரும்பினார். "இராசதுரை, பேர் விடுபட்டதெண்டு முறைப்பாடு தந்த மற்ற ஆக்களும் அக்கா பேர் வந்த தங்கச்சிமார்தானே?"

கொழும்பில் வளர்ந்த இராசதுரை திரையைப் பார்த்தார். "ஓம்."

"முகாமில எழுதின மூலப் பதிவில சின்னத்தங்கம்?"

தேடினார். இருந்தாள்.

"அப்ப ஒருத்தரும் வெட்டல்ல. கணினியிட்டக் கேட்ட கேள்வியிலதான் பிழை. ரெண்டு முகாமில பதிஞ்ச ஆக்களை எதை வச்சு ஒண்டாக்கினீங்க?"

"வீட்டுக்காரிட பேரை ஒரு முகாமில செல்லப் பேராவும் மற்றதில பதிவுப் பேராவும் எழுதியிருந்திச்சு. அதை விட்டிட்டன். வளவு இலக்கமும் வீட்டுக்காரிட தகப்பன் பேரும் ஒண்டெண்டா ஒரு வரி. ஒரு வளவில ஒரு குடும்பம்தானே?"

"கொழும்பில அப்பிடி. இஞ்ச ஆம்பிளை கட்டிப் போயிருவான், தாய்ட வளவில மகளுக்கொரு வீடு எழும்பும். ஒரே வளவு, ஒரே தகப்பன். உங்கட கணினிக்கு அக்காவும் தங்கச்சியும் ஒராள்."

லஞ்சம் என்று சொன்ன டிலக்சன் வாசலில் நின்ற அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

"புருஷன்ட பிறந்த திகதியையும் சேர்த்துக் கேளுங்க," என்றார் நஸீறா. "ரெண்டு தரம் பதிஞ்ச குடும்பம் அப்பவும் ஒரு வரிதான். சகோதரிமார் பிரிஞ்சிருவாங்க."

இராசதுரை கேட்டார். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வரிகளில் வந்தார்கள்.

பின்னேரம் சின்னத்தங்கம், மூலப் பதிவின் கணக்கில் கட்டி மிஞ்சியிருந்த தன் வீட்டைத் திறந்தாள். சீதேவிப்பிள்ளை படியில் நின்றாள்.

"என்னைக் கள்ளி எண்டு சொன்னியே கா," என்றாள் தங்கையிடம்.

"சொன்னன். ரோட்டில நிண்டு ஏசாத, உள்ள வா."

அக்கா உள்ளே போனாள். சின்னத்தங்கம் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தி, அக்கா கோபித்துக்கொண்டு போய்விடாதபடி புதுத் திறப்பால் உள்ளிருந்து பூட்டினாள்.