சொந்தக்காரன் இல்லாத நிழல்

நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது.

வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வர வேண்டும், நிழல் வலது கீழே விழ வேண்டும். பதினெட்டு வருடமாக அவர் தன் கையால் திரையில் அப்படித்தான் விளக்கு வைத்தார். நூற்றுக்கணக்கான ஸ்கேன் படங்களை அடுக்கி, கம்ப்யூட்டர் ஒரு மண்டை ஓட்டையோ முதுகெலும்பையோ திரையில் எழுப்பும். அதில் எங்கிருந்து வெளிச்சம் அடித்தால் எந்த மேடுபள்ளம் சர்ஜன் கண்ணில் படும் என்பது அவருக்குத்தான் அத்துப்படி. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே விளக்குக்காரர்.

இப்போது விளக்கைத் தானாக வைக்க ஒரு புரோகிராம் வந்துவிட்டது. எழுதியவன் அவர் மனைவியின் தம்பி. அவனை இங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? வீட்டில் தினமும் தம்பி புராணம். நேற்று சர்ஜன் வேறு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது ஏன் தெரியல?" என்று கேட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு சர்ஜன் முடிவு சொல்வார். இனி விளக்கு வைப்பது இவரா, அதுவா? அதற்குள் புரோகிராமில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தும்விட்டார். காலையில் திறந்த மூன்று நோயாளிகளின் படத்திலும் எந்த எலும்புக்கும் சேராத ஒரு நிழல், உருண்டையாக, சற்றே குனிந்து. மாட்டினான் மாப்பிள்ளை என்று மனதுக்குள் கொண்டாடினார்.

நான்காவதாக மைத்துனனின் படத்தையே திறந்தார். சோதனைக்காகத் தன் தலையையும் கழுத்தையும் அவனே ஸ்கேன் எடுத்து வைத்திருந்தான். "உங்க பழைய படம் எல்லாத்தையும் பாத்துத்தான் மாமா இது கத்துக்கிச்சு. இது உங்க கைதான்" என்று அன்றைக்குச் சொன்னான். குத்திக்காட்டுகிறான் என்றுதான் இவருக்குப் பட்டது.

சாப்பாட்டு நேரம். ஜன்னலே இல்லாத அந்தத் தரைத்தள அறையில் ஏசியின் முனகலும், சூடேறிய வயரின் மணமும், கதவுக்கு அந்தப் பக்கம் எப்போதோ உருண்டு போகும் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தமும் தவிர வேறு துணையில்லை. திரையில் மைத்துனனின் கண் மூடிய முகம் மெல்லத் திரண்டு வந்தது. அதன் கழுத்தின் மேல் அந்த நிழல் குனிந்திருந்தது. நிழலின் காதோரம் ஒரு சின்னப் புடைப்பு.

தன் காதைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைந்த இடத்தில் அவர் சுற்றி வைத்த டேப்.

தலையைச் சாய்த்தார். நிழலும் சாய்ந்தது.

புரோகிராம் வைத்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி விளக்கும் போனது. திரை இருண்டிருக்க வேண்டும். முகம் தெரிந்தது. நிழலும்.

கைகளைத் தூக்கினார். திரையில் கழுத்தின் மேல் பத்து விரல்களின் நிழல் விழுந்தது.

கையை எடுத்திருக்கலாம். இவன் மட்டும் இல்லாவிட்டால் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரே ஒரு நொடி. விரல்களை மடக்கினார். கையில் வெறும் காற்று.

திரையில் கழுத்து அமுங்கியது.

போன் அடித்தது. மனைவி.

"தம்பி உங்ககூட இருக்கானா? இப்பதான் எங்கிட்ட போன்ல பேசிட்டிருந்தான்... மூச்சு விட முடியலக்கா, யாரோ கழுத்தப் புடிக்கிறாங்கன்னான். அப்புறம் சத்தமே இல்லங்க."

வலது கையில் போன். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நான் கைய எடுத்துட்டேன்" என்றார்.

"என்னது?"

திரையைப் பார்த்தார்.

நிழல் எடுக்கவில்லை. அதன் இரண்டு கைகளும் கழுத்தில்தான் இருந்தன.